பன்னிரண்டு மணி வரை

அக்கா போய் அறுபத்தெட்டாம் நாள்
வங்கி என் பெயரைக் கற்றுக்கொண்டது.
அன்புள்ள திரு. தவசீலன் என்று தொடங்கி
மூன்றாம் பத்தியில்
வீட்டின் தீக்காப்புறுதி காலாவதி என்றது.
பால் பொட்டலத்தில் மட்டுமே
நான் பார்த்திருந்த சொல்.

புக்கிட் பாஞ்சாங், பதினான்காம் மாடி, நாலறை வீடு.
இருபத்தைந்து ஆண்டுக் கடனில்
பதினாறைக் கட்டியிருந்தாள் பத்மலோசனி.
மசேநிதியைத் தொடவில்லை, ரொக்கமாகவே கட்டினாள்.
வயசானா வேணும்டா என்பாள்.
அதனால், ஆள் போனால் கடனை அடைக்கும் திட்டத்தில்
அவள் பெயர் இல்லை.
வயசும் ஆகவில்லை.
மிச்சம் ஒன்பதாண்டு என்னிடம் வந்தது,
இரண்டு சாவியோடு,
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீதோடு.

ஷெரில் இங் தொலைபேசியில் மிகவும் பொறுமைசாலி.
சுவர், தரை, கதவு
வீவக கொடுத்தபடி இருந்தால் ஒரு கணக்கு,
பிறகு நீங்கள் மாட்டியதெல்லாம் வேறு கணக்கு.
சமையலறை அலமாரி யார் போட்டது?
அக்கா.
எவ்வளவு ஆனது?
டப்பாவைக் கிளறினேன்.
ஜொகூர்த் தச்சர் ஒருவரின் ரசீது, பென்சிலில்,
நாலாயிரத்து இருநூறு.
கீழே அவள் கையெழுத்து: ஏமாத்திட்டான்.
நாலாயிரத்து இருநூறு என்றேன்.

வீட்டில் யாராவது வசிக்கிறார்களா?
ஆளில்லாத வீட்டுக்கு விதி வேறாம்.
அட்மிரல்டியில் ஒற்றை அறை வாடகை எனக்கு.
சனிக்கிழமைகளில் வந்து
சன்னலைத் திறந்துவிட்டு
மழைக்கு முன்னே மூடிவிட்டுப் போகிறவன்.
நான் இருக்கிறேன் என்றேன்.
சொன்ன வாயோடு சும்மா இருக்க முடியவில்லை.
பேருந்துப் பணிமனையில் ஷிப்ட் முடிந்ததும்
பல்துலக்கியும் கைலியும் பையில் திணித்துக்கொண்டு
வந்து சேர்ந்தேன்.

எரிந்தால் பணம் யாருக்கு என்றும் கேட்டிருந்தேன்.
முதலில் வங்கிக்கு, மிஞ்சினால் உங்களுக்கு.
எப்போதிலிருந்து?
இன்றிரவு பன்னிரண்டு.

இப்போது மணி ஒன்பதேகால்.
மூன்று வாரமாக
எவர் பொறுப்பிலும் இல்லாமல் நின்றிருக்கிறது வீடு.
தெரியாதவரை பயமில்லை.
தெரிந்தபின்
குளிர்பெட்டி முதல் சுவர்க்கடிகாரம் வரை
மின்சாரம் தொடுகிற எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
எரிவாயுவைத் திருகி மூடினேன்,
மறுபடி திருகிப் பார்த்தேன்.
விளக்குகூடப் போடவில்லை.
இருட்டில் நாற்காலியில் கைலியோடு ஒரு காவலாளி,
சம்பளம் தருவது யாரென்று தெரியாமல்.

பக்கத்து வீட்டு ரொஹாயா கதவைத் தட்டினார்.
ஏன் இருட்டில் இருக்கிறாய்?
காப்புறுதி என்றேன்.
முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.
போய் ஒரு டார்ச் விளக்கு கொண்டுவந்து கொடுத்தார்.

கீழே சீனர்களின் ஏழாம் மாதம்.
புளோக் ஓரத் தகரப் பீப்பாயில்
ஒரு குடும்பம் காகித வீடு எரிக்கிறது.
இரண்டு மாடி, கார், வாசலில் ஒரு வேலையாள்.
செத்தவருக்குப் போய்ச் சேருமாம்.
எரிந்த பிறகுதான் அந்த வீடு அவருடையது.
மாதத்தவணை கிடையாது.
அக்கா பார்த்திருந்தால்
சதுரடி எவ்வளவு என்று கேட்டிருப்பாள்.

கரித்துணுக்கு ஒன்று மிதந்து மிதந்து
பதினான்காம் மாடிக்கே வந்துவிட்டது.
நடைபாதைக்கு ஓடி
உள்ளங்கையில் பிடித்து
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குளிர்ந்திருந்தது.
இருந்தாலும் குழாயில் கழுவினேன்.

பன்னிரண்டு ஆனதும் ஒன்றும் ஆகவில்லை.
மின்தூக்கி யாரையோ ஒன்பதில் இறக்கியது.
பன்னிரண்டு நாலுக்கு
எரிவாயுவைத் திறந்தேன்.
இரண்டாம் சொடுக்கில் பற்றியது அடுப்பு.
கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.
தண்ணீர் கொதித்தது.
அவளுடைய மைலோ கல்லாய் இறுகியிருந்தது.
கரண்டிக் காம்பால் குத்திப் பெயர்த்தேன்.
டப்பாவின் அடியைத் திருப்பி
தேதி பார்க்கவில்லை.